மேடைக்குப் பின்னாடி நிக்கிறவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்குத் தொழில்ல பெரிய ஆளா வந்தவங்களோட தலைமைப் பண்பு பத்தி முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, வால்ட் டிஸ்னி படம் பெருசா, பக்கத்துல கலர் கட்டத்துக்குள்ள கனவு, துணிச்சல், விடாமுயற்சி, தொலைநோக்குன்னு வரிசையா. நல்லாத்தான் இருந்துச்சு, எங்க கடைப் பசங்க டீ குடிக்கிறப்ப அத சத்தமா வாசிச்சாங்க, ஒருத்தன் அந்தப் பக்கத்த மடிச்சு பாக்கெட்ல கூட வச்சுக்கிட்டான். ஆனா அதுல ஒரு விஷயம் சுத்தமா விட்டுப்போச்சு, அத எழுதாம இருக்க முடியல, அதனாலதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், வெட்டிப் போட்டாலும் பரவால்ல.

நான் கடலூர் ஓ.டி.ல, அதான் முதுநகர்ல, சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கேன். மைக் செட், லைட்டு, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுறோம். தேர், மாசி மகம், மஞ்சக்குப்பம் மைதானத்துல மீட்டிங், கல்யாண ரிசப்ஷன், பாண்டி பக்கம் மியூசிக் நைட்டு, நியூ இயர் ப்ரோக்ராம்னு எது வந்தாலும் போவோம். இந்தத் தொழில்ல இருக்கிறதால பொழுதுபோக்கு முதலாளிங்கள நாங்க பாக்குற நேரமே வேற. ஜனங்க பாக்குறது சாயங்காலம் ஏழு மணிக்கு கோட்டு போட்டுக்கிட்டு மேடையேறி கும்பிடுற முகம், நாங்க பாக்குறது ராத்திரி ரெண்டு மணிக்கு கேபிள் சுத்திக்கிட்டு இருக்கறப்ப பேலன்ஸ் பேமென்ட் கேட்டா தெரியற முகம். அதுவும் கலெக்ஷன் விழாத அன்னிக்கு தெரியுதே ஒரு முகம், தலைமைப் பண்பு பத்தி எழுதறவங்க அதத்தான் முதல்ல பாக்கணும்னு நான் சொல்லுவேன்.

டிஸ்னி பத்தி நீங்க எழுதினது எல்லாம் சரிதான். 1923ல கையில இருந்த கம்பெனி திவாலாகி ஹாலிவுட் போனது, 1928ல தான் உருவாக்கின முயல் கார்ட்டூன் உரிமை வேற ஆள்கிட்ட போனதும் சுண்டெலிய கொண்டாந்தது, 1937ல முழுநீள கார்ட்டூன் படம் எடுக்கிறப்ப ஊரே கிறுக்கன்னு சொன்னது, 1955ல டிஸ்னிலேண்ட் திறந்தது, எல்லாம் சரி. ஆனா நடுவுல 1941 ஒண்ணு இருக்கே, அத ஏன் விட்டீங்க? அந்த வருஷம் அவரோட ஸ்டூடியோவுல படம் வரையற ஆளுங்களே ஸ்ட்ரைக் பண்ணாங்க. 37ல வந்த படம் பணத்த அள்ளிக் கொட்டுச்சு, அதுல பெரிய புது ஸ்டூடியோ கட்டினார், ஆனா சம்பளம் ஆளுக்கு ஒரு மாதிரி, யாருக்கு என்ன கணக்குன்னே புரியல, போதாததுக்கு உலகப்போர் வந்து ஐரோப்பா வசூல் நின்னுபோச்சு. ஆளுங்க யூனியன் கேட்டப்ப முன்னாடி நின்ன ஆளையே வேலைய விட்டு அனுப்பினார், அவரு டிஸ்னிகிட்ட நல்ல சம்பளம் வாங்கிக்கிட்டிருந்த பெரிய ஆர்ட்டிஸ்ட், சின்ன ஆளுங்களுக்காக வெளியில வந்து நின்னவரு. அதோட கேட்டுல மறியல் ஆயிடுச்சு. அப்புறம் வெளிய போனவங்கள்ல சிலபேர் சேர்ந்து வேற கம்பெனி ஆரம்பிச்சு, கார்ட்டூன் வரையற ஸ்டைலையே மாத்திக் காட்டினாங்க. ஐம்பது வருஷம் தாண்டி தெரிஞ்ச கண்ணுக்கு அடுத்த ரூம்ல உக்காந்து வரைஞ்சுக்கிட்டிருந்தவன் முகம் தெரியலையேன்னுதான் எனக்கு தோணுச்சு.

இன்னொண்ணு, அண்ணன் ராய் பத்தி ஒரே ஒரு வரிதான் போட்டிருந்தீங்க. பேங்க்ல போய் நின்னது, கடன் கணக்கு பாத்தது எல்லாம் அந்த மனுஷன்தான். 1966ல தம்பி செத்தப்புறம் ரிட்டயர் ஆகவேண்டியவரு, ஆகாம இருந்து, ஃப்ளோரிடாவுல பாதியில கிடந்த டிஸ்னி பார்க் வேலைய முடிச்சு 1971ல திறந்தாரு, பேரு மட்டும் தம்பி பேரு. அதே வருஷக் கடைசியில அவரும் போயிட்டாரு. கனவு கண்டவருக்கு அவ்வளவு பெரிய போட்டோ, கணக்கு பாத்தவருக்கு ஒரு வரி. எங்க தொழில்லயும் அதே கதைதான், மேடையில சால்வை வாங்கறவரு வேற, ஆளுங்களுக்கு சோத்துப் பொட்டலம் வந்துச்சான்னு பாக்கறவரு வேற.

சரி, அமெரிக்காவ விடுங்க. நம்ம ஊர்லயே ஆள் இல்லையா?

பாண்டியில கருவடிக்குப்பத்துக்கு எத்தனையோ பேர் பாரதியாரோட குயில் தோப்ப பாக்க போறாங்க, அதே கருவடிக்குப்பத்துலதான் சங்கரதாஸ் சுவாமிகள் அடக்கமாகி இருக்காருன்னு பாதிப் பேருக்கு தெரியாது. தூத்துக்குடி பக்கம் 1867ல பொறந்தவரு, ஊர் ஊரா நாடகம் போட்டு, 1922 நவம்பர்ல நம்ம பாண்டியில கண்ண மூடினாரு. வருஷா வருஷம் நாடகக்காரங்க மாலையோட வந்து அங்க நிப்பாங்க, நானும் ஒருதடவ மைக் செட் கட்டியிருக்கேன், காசு வாங்கல, வாங்க மனசு வரல. அவர எல்லாரும் புலவரு, நாடக வாத்தியாருன்னுதான் எழுதறாங்க, ராத்திரியோட ராத்திரியா ஒரு முழு நாடகத்த எழுதி முடிச்ச கதையெல்லாம் சொல்லுவாங்க. என் கண்ணுக்கு அவரு இந்தத் தொழில எப்படி நடத்தணும்னு யோசிச்ச ஆளு. அப்ப பெரிய நடிகருங்க சொன்ன நேரத்துக்கு வரமாட்டாங்க, ஒருத்தர் கோச்சுக்கிட்டா அன்னிக்கு ஆட்டமே நின்னுபோயிடும், டிக்கெட் வாங்கினவன் கத்துவான். அதுக்கு அவரு என்ன பண்ணாரு, 1918ல மதுரையில சின்னப் பசங்கள மட்டுமே வச்சு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபான்னு ஒரு கம்பெனிக்கு ஆசிரியரா நின்னு, பாட்டு, வசனம், நடைன்னு எல்லாத்தையும் ஒண்ணுலேருந்து சொல்லிக் கொடுத்தாரு. சோறு, படுக்கை, படிப்பு எல்லாம் கம்பெனிக்குள்ளயே. அடி உதையும் இருந்துச்சு, அத மறைக்க வேணாம், பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை ஒண்ணும் சுகவாசம் இல்ல. ஆனா அந்தப் பசங்கள்ல சிலபேரு அண்ணந்தம்பிங்க, பின்னாடி டி.கே.எஸ். சகோதரர்கள்னு தனியா கம்பெனி வச்சு தமிழ்நாட்டையே ஆண்டாங்க. வாத்தியாரு கடைசிக் காலத்துல பக்கவாதம் வந்து பேச்சே போயிடுச்சு, அப்பவும் கம்பெனியோடவேதான் ஊர் ஊரா போனாரு, அப்படி வந்த இடத்துலதான் பாண்டியில உசிரு போச்சு. தனக்கப்புறம் தொழில் நடத்த ஆள உருவாக்கிட்டு போனாரே, உங்க கலர் கட்டத்துல அதுக்கு ஒரு இடம் இல்ல.

அந்த டி.கே.எஸ். பேர் வந்ததால இன்னொரு கதையும் சொல்லியே ஆகணும், அதுலயும் நம்ம பக்கத்து ஆளுங்க இருக்காங்க. பாரதியாரு 1908லேருந்து 1918 வரைக்கும் பாண்டியில இருந்தாரு, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு வீடு இன்னிக்கும் இருக்கு. சோத்துக்கே கஷ்டப்பட்ட மனுஷன். அவரு செத்தப்புறம் அந்தப் பாட்டுங்களோட ஒலிபரப்பு உரிமை கை மாறி கை மாறி கிராமபோன் வியாபாரம் பண்ண ஒருத்தர்கிட்ட போயி, அவருகிட்ட இருந்து ஏவி.மெய்யப்பன் வாங்கினாரு. காசு போட்டு வாங்கினது, சட்டப்படி அவருது. 1947ல வந்த தன் படத்துல பாரதி பாட்ட வச்சாரு, ஜனங்க கொண்டாடினாங்க. அடுத்த வருஷம் அந்த டி.கே.எஸ். சகோதரர்கள்ல ஒருத்தரான டி.கே.சண்முகம் தன்னோட படத்துல பாரதி பாட்டு ஒண்ண போட்டதும் மெய்யப்பன் கேஸ் போட்டாரு. வியாபாரின்னா போடத்தான் செய்வான், நானா இருந்தாலும் என் ஸ்பீக்கர கேக்காம எடுத்துட்டு போனா சும்மா விடுவனா?

ஆனா ஊர்ல பேச்சு கிளம்பிடுச்சு, பாரதி பாட்டு ஒருத்தர் சொத்தா, நாட்டுக்கு சொத்தான்னு. எழுத்தாளருங்க கூட்டம் போட்டாங்க, சண்முகம் விடாம நின்னாரு. அப்ப மெட்ராஸ் மாகாணத்துக்கு பிரதமரா, இப்ப சொல்ற மாதிரின்னா முதலமைச்சரா, இருந்தவரு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரு, நம்ம திண்டிவனம் பக்கம் ஓமந்தூர், பின்னாடி வடலூருக்கே வந்து வள்ளலார் பேர்ல தொண்டு பண்ணிக்கிட்டு 1970 வரைக்கும் இருந்த பெரியவரு. அரசாங்கம் கேட்டதும் மெய்யப்பன் பைசா வாங்காம உரிமைய விட்டுக் கொடுத்தாரு. 1949ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அப்புறம் ஜனங்களுக்கே பொதுவாயிடுச்சு. இன்னிக்கு நான் சுதந்திர தினத்துக்கு பள்ளிக்கூடத்துல செட் கட்டி பாரதி பாட்டு போட்டா எவனும் வந்து கை நீட்ட மாட்டான்னா அதுக்கு காரணம் அந்த கையெழுத்து. ஊர்ப் பேச்சுக்கு பயந்துதான் கொடுத்தாருன்னு சொல்றவங்க உண்டு, இருக்கட்டுமே, எதிரா பேச்சு கிளம்பினப்ப காது கொடுத்து கேட்டு எறங்கி வந்தாருல்ல. எத்தன பேரு எறங்கி வராங்க சொல்லுங்க.

அதே மெய்யப்பன் கம்பெனியோட சேர்ந்து வேலூர் பி.ஏ.பெருமாள் படம் எடுத்தப்ப புதுசா ஒரு நாடகப் பையன ஹீரோவா போட்டாரு. ஆள் ஒல்லி, சினிமாவுக்கு சரிப்பட்டு வரமாட்டான், மாத்திடலாம்னு ஸ்டூடியோவுல பேச்சு. பெருமாள் அசையல, இவன்தான்னு நின்னாரு. 1952 தீபாவளிக்கு பராசக்தி வந்துச்சு, அந்தப் பையன்தான் சிவாஜி. பெருமாள் பேரு இன்னிக்கு எத்தன பேருக்கு தெரியும்? ஆனா சிவாஜிக்கு தெரிஞ்சிருந்துச்சு, பொங்கலுக்கு பொங்கல் வேலூருக்கு சீரோட போவாருன்னு சொல்லுவாங்க. நீங்க துணிச்சல்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டீங்களே, அது இந்த மாதிரி ஒரு ஸ்டூடியோ முழுக்க எதிரா பேசறப்ப ஒரு ஒல்லிப் பையன் பக்கம் நிக்கறதுதான்.

எஸ்.எஸ்.வாசன விட்டுட்டா எங்க ஐயா கோச்சுக்குவாரு, அவருக்கு வாசன்னா உசிரு. சின்ன வயசுலயே அப்பா போயி, அம்மா வளத்து, விளம்பர ஏஜென்ட்டா இருந்து, 1928ல ஆனந்த விகடன எழுத்துக்கு 25 ரூபான்னு 200 ரூபாய்க்கு வாங்கினாருன்னு சொல்லாத ஆளே கிடையாது. அப்புறம் தீப்பிடிச்சு ஏலத்துக்கு வந்த ஸ்டூடியோவ எடுத்து ஜெமினின்னு பேரு வச்சாரு. 1948ல முரசு மேல நூத்துக்கணக்கான பேரு ஆடற சந்திரலேகா படம், கையில இருந்தத எல்லாம் அதுல கொட்டிட்டாரு, தமிழ்ல ஜனம் அலைமோதியும் போட்ட காசு வரல. அங்கயே தலையில கை வச்சு உக்காராம அத இந்தியில எடுத்து வடக்க பூரா ஓட்டி எடுத்தாரு. சரி அது எல்லாரும் எழுதறது. எனக்கு பிடிச்சது வேற, ஜெமினியில நடிகர், எழுதறவர், மேக்கப், ஆபீஸ் ஆளுன்னு மாசச் சம்பளத்துல வச்சிருந்தாரு. அசோகமித்திரன் அங்க வேலை பாத்தப்ப பேப்பர கிழிச்சு ஒட்டி ஃபைல் பண்றதுதான் அவரோட டியூட்டி, அதுக்கும் ஒண்ணாந்தேதியானா சம்பளம். இத சிபிஎஸ்இ பன்னெண்டாவது பசங்க இங்கிலீஷ் பாடத்துல படிக்கிறாங்க, என் பொண்ணு படிச்சுட்டு வந்து எனக்கு சொன்னா. அந்த ஆளு பேப்பர் கிழிச்ச ரூம்லேருந்து என்ன மாதிரி எழுத்தாளர் வந்தாரு பாருங்க. அப்புறம் கதை இலாகாவ ஒரு நாள் மூடிட்டாருன்னும் அதுலயே வருதாம், அதையும் சேத்துதான் சொல்லணும், வாசனும் சாமி இல்ல.

கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் பத்தி ரெண்டு வரி. ரயில்வே கிளார்க்கு, 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து ப்ரொஜெக்டர வாங்கி டென்ட்டு அடிச்சு ஊர் ஊரா படம் காட்டினாரு, 1914ல வெரைட்டி ஹால் கட்டினாரு. படத்துக்கு கரண்டு வேணும்னு வச்ச மெஷின வச்சே அரிசி மில்லு, மாவு மில்லு, பிரஸ்ஸுன்னு ஓட்டினாரு. ஜெனரேட்டர் வச்சிருக்கிறவனுக்குத்தான் அதோட அருமை தெரியும், சும்மா நின்னா துரு பிடிக்கற சாமான் அது.

இப்ப எங்க கதைக்கு வரேன். 2011 டிசம்பர் 30, தானே புயல், கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரை ஏறுச்சு. மறுநாள் ராத்திரி நியூ இயர் ப்ரோக்ராம். பாண்டி பக்கம் ஒரு ஓட்டல்ல எங்க ஆளுங்க மேடை கட்டி, லைட்டு மாட்ற கம்பிச் சட்டம், நாங்க ட்ரஸ்ஸுன்னு சொல்றது, அத ஏத்தி, லைட்டு மாட்டி வச்சிருந்தாங்க. காத்து சத்தம் மாறினதும் பெரிய ஸ்பீக்கரயெல்லாம் எறக்கி ஓட்டல் ஸ்டோர் ரூம்ல போட்டுட்டோம், ஆனா பந்தல் தகரம் பறந்து எங்கயோ போயிடுச்சு, ட்ரஸ்ஸு கோணிக்கிட்டு கிடந்துச்சு. கரண்டு கம்பம் வரிசையா சாஞ்சு, போன் டவர் இல்ல, ரோட்ல மரம். அந்த ஓட்டல்காரருக்கு டிக்கெட் வித்த காச திருப்பிக் கொடுக்கணும், சமையலுக்கு வாங்கின சாமான் வேற வீணு. அந்த மனுஷன் புத்தாண்டு அன்னிக்கு மரத்த தாண்டி நடந்து வந்து, கட்டுன கூலி, பிரிக்கிற கூலி ரெண்டையும் பசங்க கையில எண்ணிக் கொடுத்தாரு, என் வாடகைய பாதிதான் தர முடியும் அண்ணேன்னாரு. நான் அதையும் மெதுவா கொடுங்கன்னேன். ஜெனரேட்டர எடுத்துட்டுப் போகாதீங்க, இங்க தெருவுல மோட்டார் ஓட்டி தண்ணி ஏத்திக்கிறோம், நாள் வாடகை தரேன்னு நிறுத்தி வச்சுக்கிட்டாரு. அந்தத் தெருவே குடத்தோட வந்து நின்னுச்சு. அவரு பேரு எந்த பேப்பர்லயும் வராது, கனவு கினவுன்னு அவரு பேசியும் நான் கேட்டதில்ல. ஆனா அவரு கூப்பிட்டா எங்க பசங்க பேட்டா பேசாம வண்டி ஏறுவாங்க.

அதுக்கு நேர் எதிரா, சில வருஷம் கழிச்சு ஒரு ஈவென்ட் கம்பெனி, பேரு வேணாம். ஆபீஸ் சுவத்துல பெரிய பெரிய ஆளுங்க பொன்மொழி, பேச்சுல பத்து வார்த்தைக்கு ஒரு விஷன். நவம்பர்ல திறந்த மைதானத்துல மியூசிக் நைட்டு, மழை சீசன் சார், ஷெட்டு போடுங்கன்னு சொன்னேன், பாசிட்டிவா யோசிங்கன்னாரு. ரெண்டாவது பாட்டுலயே ஊத்துச்சு. கூட்டம் ஓடுது, பசங்க தார்ப்பாய எடுத்துக்கிட்டு சவுண்ட் மிக்ஸர் மெஷின் மேல படுத்துக்கிட்டாங்க, பேஸ் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள தண்ணி போயி கோன் பேப்பர் ஊறி கையில தொட்டா அப்பளமா பிஞ்சு வருது. திரும்பிப் பாத்தா ஆர்கனைசர் கார் இல்ல. போன் சுவிட்ச் ஆஃப். ஒரு வாரம் கழிச்சு பாத்தா அடுத்த ஊர்ல அடுத்த ஷோவுக்கு அதே ஆள் பேனர், கைய கட்டிக்கிட்டு சிரிச்சுக்கிட்டு. அட்வான்ஸ் தவிர ஒரு பைசா வரல, பசங்களுக்கு கூலி நான்தான் வட்டிக்கு வாங்கி கொடுத்தேன். கேஸ் போடுன்னாங்க, வக்கீல் ஃபீஸ் வாடகைய விட ஜாஸ்தி, எழுதி வாங்கின அக்ரிமென்ட்டும் கிடையாது, இந்தத் தொழில்ல எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

ரெண்டு பேருக்கும் வந்தது மழை காத்துதான் ஐயா, நஷ்டம்னு பாத்தா ஓட்டல்காரருக்குத்தான் ஜாஸ்தி. உங்க கட்டுரையில இருக்கற குணம் எல்லாத்தையும் வச்சு மார்க் போட்டா அந்த ஈவென்ட் கம்பெனி ஆள்தான் ஜெயிப்பாரு, அதுதான் எனக்கு உறுத்துச்சு. ரிஸ்க் எடுக்கிறவன்தான் தலைவன்னு எழுதறீங்க, யார் காசுல, யார் ஸ்பீக்கர்ல ரிஸ்க் எடுக்கறான்னும் கொஞ்சம் எழுதுங்களேன்.

பாண்டியில இப்ப வாரக் கடைசின்னா ஏதாவது ஒரு நிகழ்ச்சி, கடலூர்லயும் சில்வர் பீச் பக்கம் கோடை விழா, அது இதுன்னு வருது. புதுசா எத்தனையோ இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வராங்க, சந்தோஷம், எங்களுக்கும் அதுலதான் சோறு. அவங்க உங்க பக்கத்தத்தான் படிக்கிறாங்க. அதனால ரெண்டு விஷயம் கேட்டுக்கறேன்.

ஒண்ணு, இந்த மாதிரி கட்டுரை எழுதறப்ப லைட்மேன், மேடை கட்டுறவங்க, கூத்துக் கொட்டகையில மத்தளம் வாசிக்கிறவரு, தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கிறவருன்னு ரெண்டு பேர்கிட்ட, உங்க முதலாளி எப்படின்னு கேட்டு அதையும் பக்கத்துலயே போடுங்க. நவம்பர்ல கருவடிக்குப்பத்துக்கு ஒரு நிருபர அனுப்புனா நாடகக்காரங்க அம்புட்டு பேரையும் ஒரே இடத்துல பாக்கலாம்.

ரெண்டாவது அதிகாரிங்களுக்கு. டிக்கெட் போட்டு நடத்தற நிகழ்ச்சிக்கு பர்மிஷன் கொடுக்கறப்ப போலீஸ், ஃபயர் சர்வீஸ்னு என்னென்னமோ பேப்பர் கேக்கறீங்க. அதோட சேத்து, மேடை, ஒலி, ஒளி, ஆள்கூலிக்கு எழுத்து மூலமா போட்ட ஒப்பந்தம் ஒண்ணும், அந்தக் கூலித் தொகைய டெபாசிட்டா கட்டுன ரசீது ஒண்ணும் வாங்கிக்கோங்க, ஷோ நடந்தாலும் நடக்காட்டியும் அதுலேருந்து கொடுத்துடலாம். கடலூர் கலெக்டர் ஆபீசும் புதுச்சேரி அரசும் இத யோசிச்சா, வர்ற டிசம்பர் 31க்கு முன்னாடி பண்ணா, எங்கள மாதிரி நூறு கடைக்காரனுக்கு நிம்மதி. மனு கொடுக்க நானே வரேன், கையெழுத்து போட ஆளுங்களும் தயாரா இருக்காங்க.

இப்படிக்கு,
ஒலி, ஒளி வாடகைக் கடைக்காரர்,
கடலூர் முதுநகர்.